டர்னருக்கு அல்ல, டர்னரின் வாத்தியாருக்குப் பாடம்: தொழில்நுட்பக் கல்விப் பேராசிரியர் ஆக விரும்புகிறவருக்கு

"பேராசிரியர் என்றால் லேத் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரா?" என்று கேட்பார்கள். இல்லை. லேத், அதாவது இரும்பைக் கடையும் இயந்திரம், ஓட்டக் கற்றுக்கொடுக்கப்போகிறவருக்கு, அதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கற்றுக்கொடுப்பவன். இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எட்டு வருடம் டர்னராக, அதாவது லேத் ஓட்டுபவனாக, இருந்துவிட்டு, அப்புறம் இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்தேன். இந்த வழியில் வர நினைக்கிறவர்களுக்கு, எதில் நேரம் போடலாம், எதைச் சட்டென்று கடந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

முதலில் கை. பட்டம் அப்புறம்.

பட்டறைத் தரையில் சில வருடமாவது நின்றிருக்க வேண்டும். எத்தனை வருடம் என்ற கணக்கு முக்கியமில்லை. எத்தனை வேலையைக் கெடுத்திருக்கிறீர்கள், ஏன் கெட்டது என்று யோசித்திருக்கிறீர்களா என்பதுதான் முக்கியம். நான் சேர்ந்த புதிதில் ஒரு மாதத்தில் ஏழு சென்டர் டிரில் (கம்பியின் முனையில் நடுத்துளை போடும் சின்ன டிரில்) உடைத்தேன். ஒவ்வொரு முறையும் "மெதுவா அழுத்துடா" என்று திட்டு விழுந்தது. மெதுவாகத்தான் அழுத்தினேன், ஆனாலும் உடைந்தது. காரணம் பல மாதம் கழித்துத்தான் புரிந்தது.

50 மி.மீ. விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் கம்பியை, நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைந்துகொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி வந்ததைக்கொண்டு வகுத்தால் சுற்று எண்ணிக்கை வரும். சுமார் 160. கடைசல் முடிந்ததும், வேகத்தை மாற்றாமல் அப்படியே சென்டர் டிரிலைக் கொண்டுபோய் முட்டுவேன். அதன் முனையின் விட்டமோ 3 மி.மீ.தான். அதே 160 சுற்றில் அந்த முனைக்குக் கிடைக்கும் வெட்டு வேகம் நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர். முனை வெட்டவே இல்லை, வெறுமனே நெருக்கப்படுகிறது. உடையாமல் என்ன செய்யும்? அந்த முனைக்கு அதே 25 மீட்டர் வேண்டுமென்றால் 2,650 சுற்று தேவை. பழைய லேத்தில் அந்த வேகமே இருக்காது, அதனால் இருப்பதிலேயே அதிக வேகத்தில் வைப்போம்.

இதை அன்றே ஒரு நோட்டில் எழுதினேன்: தேதி, வேலை, என்ன கெட்டது, ஏன் கெட்டது. நான்கு கட்டம், அவ்வளவுதான். பிற்காலத்தில் வகுப்பில் எனக்குக் கைகொடுத்தது அந்த நோட்டுதான், பாடப்புத்தகம் இல்லை. நீங்கள் இன்னும் பட்டறையில் இருந்தால் இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். ஆசிரியர் ஆன பிறகு தொடங்கினால் தாமதம். நன்றாகக் கற்றுக்கொண்ட ஒன்றை எப்படித் தெரியாமல் இருந்தோம் என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும்.

பட்டம் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொறியியலிலோ தொழில்நுட்பக் கல்வியிலோ இளநிலை, முதுநிலை, பிறகு முனைவர் பட்டம் என்பதுதான் பெரும்பாலும் வழி. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடும்போது நூலகத்துக்குப் போவதற்கு முன் பட்டறைக்குப் போங்கள். "மைக்ரோமீட்டர் பார்க்க முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு லேத்துக்கு விடலாமா, லேத்தில் வேலை செய்யும்போதே கற்றுக்கொடுக்கலாமா?" என்பது சின்னக் கேள்விதான், ஆனால் நாளைக்கு ஓர் ஆசிரியர் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு எச்சரிக்கை: இரண்டு குழுவை ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே பட்டறையில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். காலையில் கற்றுக்கொண்ட பையன்கள் மதியம் வந்த பையன்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பட்டறையில் அது நல்ல பழக்கம். என் ஆராய்ச்சிக்கு மட்டும் ஒரு வருடம் போனது.

சரி, இந்த வேலையின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவருவதுதான் அது. நன்றாக வேலை தெரிந்த ஒருவரிடம் "எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். உருப்படியான பதில் வராது. என் பழைய பட்டறையில் மூத்த டர்னர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மரை வெட்டும்போது, டூலின் ஓட்டத்தை நிறுத்தும் ஹாஃப் நட் லீவரை எந்த நொடியில் தூக்குவது என்பது அவருக்கு மட்டும் பிசகவே பிசகாது. பாடத்திட்டம் எழுதுவதற்காகத் திரும்பப் போய் அவரிடம் கேட்டேன்.

"எப்பத் தூக்கணும்னு எப்படிண்ணே தெரியுது?"

"தெரியும்ல தம்பி. அது வந்து... தெரியும்."

மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் டூலைப் பார்க்கிறார் என்றுதான் முதல் இரண்டு நாளும் நினைத்தேன். மூன்றாம் நாள், பக்கத்து மெஷினில் கிரைண்டிங் ஓடும்போது அவரும் ஒரு முறை பிசகினார். அப்போதுதான் பிடிபட்டது. அவர் பார்க்கவில்லை, கேட்கிறார். டூல் இரும்பை வெட்டும்போது ஒரு சீறல் இருக்கும். மரை முடியும் இடத்தில் உள்ள அண்டர்கட் பள்ளத்துக்குள் டூல் நுழைந்ததும் அந்தச் சீறல் நின்றுவிடும். அது நின்றதும் வலது கை லீவரைத் தூக்குகிறது, இடது கை டூலைத் தாங்கும் கிராஸ் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கிறது. இரண்டு கையும் ஒரே நேரத்தில். "கேட்டுத்தான் தூக்குறீங்க" என்று சொன்னபோது அவருக்கே ஆச்சரியம்.

கண்டுபிடித்ததோடு நம் வேலை முடிவதில்லை. அதைக் கற்பவருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். 20 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) உள்ள மரை என்று வைத்துக்கொள்வோம். அண்டர்கட் அகலம் 5 மி.மீ. என்றால் அதைக் கடக்க டூலுக்கு இரண்டு சுற்று வேண்டும். நிமிடத்துக்கு 60 சுற்று ஓடினால் பையனுக்குக் கிடைப்பது இரண்டு நொடி. 120-இல் ஓடினால் ஒரே நொடி. முதல் நாள் கற்பவனுக்கு அந்த ஒரு நொடி போதாது, பள்ளத்தைத் தாண்டிக் கம்பியின் பருத்த பகுதியில் போய் முட்டி டூலை உடைப்பான். அதனால் முதல் பயிற்சியில் வேகம் குறைவாகவும் அண்டர்கட் அகலமாகவும் இருக்க வேண்டும். முதலில் டூலைக் கம்பியில் படாமல் வைத்து, லீவரையும் கிராஸ் ஸ்லைடையும் சேர்ந்து இயக்கும் பழக்கத்தை மட்டும் பத்துத் தடவை செய்யச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் வெட்டு. இந்த ஒரு பத்தியை எழுத எனக்கு மூன்று நாளும் ஒரு நோட்டும் ஆனது. பேராசிரியர் வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

எழுதும் முறை எளிது. ஒரு தாளை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலாவதில் படி: என்ன செய்கிறோம். இரண்டாவதில் சூட்சுமம்: எதைக் கவனித்தால் வேலை சரியாக வரும், எதை விட்டால் கெடும், எங்கே கைக்கு ஆபத்து. மூன்றாவதில் காரணம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் மேற்பார்வையாளர்களுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகளில், மொத்தம் பத்தே மணி நேரத்தில், பிறருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் முறையைச் சொல்லித்தந்தார்கள். அதில் பயன்பட்ட தாளில் படி, சூட்சுமம் என்ற முதல் இரண்டு பத்திகளும் இருந்தன. கற்பவரைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய விடு, தொடர்ந்து கவனி என்ற நான்கு படிகளும் அதில் உண்டு. அந்த நான்கு படிகளின் வேர் இன்னும் பின்னால் போகிறது. முதல் உலகப்போரில் கப்பல் கட்டும் தளங்களில் ஆட்களை அவசரமாகப் பழக்க வேண்டியிருந்தபோது சார்லஸ் ஆலன் என்பவர் வகுத்த முறை அது. நூறு வருடம் தாண்டியும் அதைவிட எளிதான ஒன்றை நான் பார்க்கவில்லை.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு பாடத்திட்டக் கூட்டத்திலும் அதே பழைய சண்டைதான் புதுச் சட்டை போட்டு வரும். 1868-இல் மாஸ்கோவின் இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா-வோஸ் தொழிலை உடைத்து, எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் பயிற்சித் துண்டுகளாக வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு மாணவனுக்கும் தனி இடம், தனிக் கருவி, முன்னால் ஒரு வரைபடம். 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்தத் துண்டுகளைப் பார்த்து அமெரிக்கர்கள் அசந்துபோனார்கள். அங்குள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் தலைவராக இருந்த ரங்கிள் அதே முறையைத் தன் நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். அதே காலகட்டத்தில் ஸ்வீடனின் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் வேறு வழியில் போனார். பயிற்சித் துண்டு வேண்டாம், குழந்தை தொடக்கத்திலிருந்தே வீட்டில் பயன்படும் முழுப்பொருளைச் செய்யட்டும் என்றார்.

நான் எந்தக் கட்சி என்று கேட்டால், முதல் இரண்டு வாரம் மாஸ்கோ, அப்புறம் ஸ்வீடன். குப்பைத் தொட்டிக்குப் போகும் என்று தெரிந்த துண்டை ஆறு வாரம் ராவிக்கொண்டிருந்தால் எந்தப் பையனுக்கும் கை ஓடாது. அதே பையன் தனக்கென்று ஒரு சுத்தியலோ, மரை வெட்டும் டேப்பைத் திருப்பும் டேப் ரென்ச்சோ செய்யும்போது, சொல்லாமலே பிசிறு எடுப்பான்.

ஒரு தொழில் முழுவதற்கும் பாடத்திட்டம் எழுத வேண்டி வந்தால், தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். 1960-களின் கடைசியில் கனடாவில் உருவான டாகம் என்ற முறை இருக்கிறது. அந்தத் தொழிலில் நன்றாக வேலை செய்கிற பத்துப் பேரை இரண்டு நாள் ஒரு அறையில் உட்காரவைத்து, அவர்கள் சொல்லும் ஒவ்வொரு வேலையையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. நடத்துகிற நீங்கள் வாயைத் திறந்து கருத்துச் சொல்லக் கூடாது, அதுதான் கஷ்டம். இன்னொன்று: மேற்பார்வையாளரையும் அவருக்குக் கீழே வேலை செய்பவரையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். நான் நடத்திய முதல் கூட்டத்தில் ஒரு வெல்டர் காலை முழுவதும் தன் மேலதிகாரி சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இடைவேளையில் என்னிடம் வந்து, "அவர் சொல்ற மாதிரி யாரும் செய்யறதில்ல சார்" என்றார். அரை நாள் அட்டைகளைக் கழற்ற வேண்டியதாயிற்று.

செய்து காட்டும் பாடம் தனிக் கலை. முப்பது பேரை ஒரு லேத்தைச் சுற்றி நிற்கவைத்தால் எட்டுப் பேருக்குத்தான் தெரியும். மீதிப் பேர் முன்னால் நிற்பவனின் முதுகைப் படிப்பார்கள். எதிரே நிற்பவனுக்கு உங்கள் வலது இடதாகத் தெரியும், அதனால் முடிந்தவரை உங்கள் தோள் பக்கம் நிறுத்துங்கள். முதல் முறை வழக்கமான வேகத்தில், பேசாமல் செய்யுங்கள். இரண்டாம் முறை மெதுவாக, சூட்சுமங்களைச் சொல்லிக்கொண்டே. மூன்றாம் முறை மாணவன் சொல்ல வேண்டும், அவன் சொன்னதை மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். "டூலைக் கொண்டுபோங்க சார்" என்பான். எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று அவன் சொல்லும்வரை கையைக் கட்டி நில்லுங்கள். நாலாம் முறைதான் அவன் கையில் மெஷின்.

நான் ஆசிரியராக எடுத்த முதல் செய்முறைப் பாடத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பாதுகாப்பைப் பற்றி இருபது நிமிடம் முழங்கினேன். கடைய வேண்டிய கம்பியைச் சக்கில் (அதைப் பிடித்துச் சுழற்றும் பாகம்) மாட்டிச் சாவியால் இறுக்கினேன், பேசிக்கொண்டே ஸ்விட்ச் பக்கம் கையை நீட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "சார், சக் கீ!" சாவி சக்கிலேயே செருகி நின்றது. ஸ்விட்சைப் போட்டிருந்தால் அது யார் முகத்தில் போய் அடித்திருக்குமோ. அன்றைக்கு நிர்வாகத்திலிருந்து பாடத்தைப் பார்க்க வந்தவரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து என் பட்டறையில் ஒரே சட்டம்: சக் கீ ஒன்று கையில் இருக்கும், அல்லது அதன் தாங்கியில் இருக்கும். மூன்றாவது இடம் கிடையாது. பயிற்சி ஆசிரியர்களுக்கு நான் சொல்வது, பாதுகாப்பைத் தனிப் பாடமாக முழங்காதீர்கள். கை எங்கே ஆபத்துக்குப் போகிறதோ, அந்தப் படியிலேயே சூட்சுமமாக எழுதுங்கள்.

பேராசிரியரான பிறகு நேரத்தின் பெரும்பகுதி, பிறர் பாடம் எடுப்பதைப் பின்னால் நின்று பார்ப்பதில் போகும். ஆசிரியரைப் பார்க்காதீர்கள், கடைசி வரிசை மாணவரின் கையைப் பாருங்கள். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேர வகுப்பு, 20 மாணவர்கள், 5 லேத். செய்து காட்ட 25 நிமிடம் போனால் மீதி 95 நிமிடம். ஐந்து லேத்துக்கு 475 நிமிடம், இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 24 நிமிடம்கூட வராது. அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். அப்படியானால் எந்த நேரத்திலும் 15 பேர் லேத்தில் இல்லை. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்குப் பதில் வைத்திருப்பவரே பட்டறை ஆசிரியர். டூல் தீட்டுதல், அளத்தல், வரைபடம் படித்தல், ராவுதல் என்று சுற்றுமுறை போட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் புது ஆசிரியர்களின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். "சார், அப்போ நான் பேசுறதைக் குறைக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

பாடம் முடிந்ததும் உடனே குறை சொல்ல ஆரம்பிக்காதீர்கள். "எந்த இடத்தில் பையன்கள் கை தவறியது?" என்று அவரிடமே முதலில் கேளுங்கள். பாதி நேரம் நீங்கள் எழுதிவைத்ததை அவரே சொல்லிவிடுவார்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒன்றே ஒன்று. முடிந்த துண்டை மட்டும் அளந்து மதிப்பெண் போடாதீர்கள். அளவு 0.02 மி.மீ. பிசகாமல் வந்த துண்டை, சுழலும் சக்கைக் கையால் பிடித்து நிறுத்தியே செய்திருப்பான் ஒருவன். இரண்டு மூன்று இடத்தில் நிறுத்திப் பார்க்கும் கட்டங்களை முன்பே குறித்துவையுங்கள். மதிப்பீட்டுத் தாள் சரியாக இருக்கிறதா என்று தெரிய, இரண்டு ஆசிரியர்கள் ஒரே துண்டுக்குத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ரொம்ப வித்தியாசம் வந்தால் தப்பு ஆசிரியர்களிடம் இல்லை, தாளில்.

மற்றவை பதவியோடு வரும். கட்டுரை எழுத வேண்டும், எழுதுங்கள். குழுக்களில் உட்கார வேண்டும், உட்காருங்கள். மெஷின் வாங்கும் குழு என்றால் மட்டும் விழித்துக்கொண்டு உட்காருங்கள். சக்குக்குப் பாதுகாப்பு மூடி, உதிரிப் பாகம், கையேடு, பயிற்சி எல்லாம் ஆர்டரிலேயே எழுதப்படாவிட்டால், கணினியால் இயங்கும் புது சி.என்.சி. மெஷின் உறை போர்த்தியபடி காட்சிப்பொருளாக நிற்கும். நான் ஒன்றை இரண்டு வருடம் அப்படிப் பார்த்தேன். வருடத்துக்கு இரண்டு மூன்று வாரமாவது ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குப் போய் நின்று வேலை செய்யுங்கள். விருந்தினராக அல்ல, ஓவர்கோட் போட்டு. ஐந்து வருடம் போகாமல் விட்டால் பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லமாட்டார்கள், ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

இது உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க விண்ணப்பம் போட வேண்டியதில்லை. உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யவரும் ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு அறுக்கும் ஹேக்சாவில் பிளேடு மாட்டுவதாக இருக்கட்டும், டிரில் தீட்டுவதாக இருக்கட்டும். மூன்று பத்தித் தாளில் எழுதி, அந்த வேலையே தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். ஆபத்து என்றால் தவிர, ஒரு வார்த்தை பேசக் கூடாது. கையாலும் காட்டக் கூடாது. அவர் எந்த இடத்தில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த இடத்தில் தாளில் ஒரு வரி குறைகிறது. அதை எழுதிச் சேர்த்து, வேறொருவரிடம் கொடுங்கள். என் ஹேக்சா தாள் ஏழாவது ஆளிடம்தான் தேறியது. அதுவரை பிளேடின் பல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எழுத மறந்திருந்தேன்.